மூன்றாவது குதிரின் அரைஞாண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு டீயோடு சேர்ந்து வந்தது. காக்கிநாடா மீன்பிடித் துறைக்கு எதிரே ஒரு கடை. அங்கே கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்தால் துறைமுகத்துச் சைலோக்கள் ஆறும் தெரியும். மக்காச்சோளம் கப்பலேறுவதற்கு முன் தங்கிப்போகிற கான்கிரீட் குதிர்கள். ஆறும் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே சாம்பல் நிறம். மூன்றாவதற்கு மட்டும் இடுப்பில் ஒரு பட்டை, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாகச் சுற்றிலும் ஓடுகிறது. பல நாள் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன்.

"அது என்ன கோடு?"

"அதாங்களா? மாமனார் கட்டிவிட்ட அரைஞாண்," என்றார் கடைக்காரர். "மத்ததெல்லாம் அம்மணமா நிக்குது, பாருங்க."

அதற்குள் ஒரு விசைப்படகு கரை சேர்ந்தது. அவர் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். மீதியை நாலு பேரிடம் பொறுக்கினேன். நாலும் ஒன்றோடொன்று சேரவில்லை. சேராத இடங்களில் நானே சாந்து வைத்துப் பூசியிருக்கிறேன். எது கேட்டது, எது பூசியது என்று பிரித்துக் காட்டச் சொல்லாதீர்கள். பூச்சு காய்ந்துவிட்டது, எனக்கே இப்போது தெரியவில்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கட்டட வேலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஆபீசில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் நான் கோதாவரி கடலில் சேருகிற கோனசீமா வட்டாரத்து வீட்டு மாப்பிள்ளை. கல்யாணமான முதல் சங்கராந்திக்கு மாமனார் வீட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து உயிரோடு எழுந்தவன். இந்தக் கதைக்கு அந்தத் தகுதி போதும்.

2

முதல் வரிக்கே வெகுநாள் பிடித்தது.

"அச்சு ஏறிக்கொண்டிருந்தது."

நல்ல வரி. ஆனால் எந்த அச்சு, எங்கே ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி வாசகரை மிரட்டுவது எனக்குப் பிடிக்காது. அடுத்தது:

"ஹைமவதிக்குக் கல்யாணமாகி வந்த முதல் சங்கராந்தி அது. ஆனால் அவள் கண்களில்—"

கண்களில் என்ன என்று நான் யோசிப்பதற்குள் என் மனைவி மாணிக்யம் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சீரியலுக்கா எழுதற?" என்றாள். அடித்துவிட்டேன். மூன்றாவது தொடக்கத்தில் கடல் வந்தது. துறைமுகக் கதை என்றால் கடலில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு வழக்கம். கடல் இருந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ஆக, அச்சிலிருந்தே தொடங்குகிறேன். சைலோச் சுவரை விட்டு விட்டுக் கட்டுவதில்லை. வளையமாக, நாலடி உயரத்தில் ஓர் இரும்பு அச்சு. மேலிருந்து அதற்குள் கலவையை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஜாக்கிகள் அந்த அச்சை மணிக்கு ஓரடி போலத் தூக்கிக்கொண்டே இருக்கும். கீழ்ப்பக்கமாகச் சுவர் ஈரத்தோடு வெளியே வரும். அச்சுக்கு அடியில் தொங்கும் சாரத்தில் நின்று கொத்தனார்கள் அதைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ராத்திரி பகல் கிடையாது. தொடங்கினால் உச்சிக்குப் போய்த்தான் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் கலவை இறுகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி தூக்கும்போது அச்சு சுவரைப் பிய்த்துக்கொண்டு ஏறும். இட்லியைச் சூட்டோடு எடுத்தால் தட்டில் ஒட்டும், ஆறவிட்டால் வந்துவிடும் அல்லவா? இது நேர்மாறு. ஆறவிட்டால் கெட்டது குடி.

இதைப் புரிந்துகொண்டால் மிச்சக் கதை முழுவதும் சாப்பாடுதான்.

3

கடைக்காரர் உட்பட மூன்று பேர் "அந்த இஞ்சினீரு" என்றுதான் சொன்னார்கள். நானும் முதலில் எழுதிய பிரதியில் ஓர் ஆணைத்தான் நிறுத்தினேன். சைலோ வேலையை மேற்பார்க்கிறவனே புது மாப்பிள்ளை. பண்டிகைக்கு மாமனார் வீட்டுக்குப் போக முடியவில்லை. மாமனார் விருந்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். சிரிப்பாக வந்தது. சிரித்து முடித்த பிறகு கையில் ஒன்றுமில்லை. மாமனார் மேல் மாப்பிள்ளைக்குக் கோபம் வருவது உலக வழக்கம், அதற்குக் கதை எதற்கு?

நாலாவது ஆள் கிரேன் ஓட்டுபவர். போகிற போக்கில், "பாவம் அந்தம்மா," என்றார்.

"எந்தம்மா?"

"அவுங்கதானுங்களே இஞ்சினீரு."

அதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டேன். மாமனாரால் வந்த வினை வேறு, அப்பாவால் வந்த வினை வேறு.

இனி ஹைமவதி. வீட்டில் ஹைமா. சைலோ கட்டுகிற கம்பெனியின் ஆள் இல்லை அவள். கட்டுவது சரியாக நடக்கிறதா என்று நின்று பார்ப்பதற்காகச் சைலோவின் சொந்தக்காரர்கள் வைத்த ஆள். சரியில்லை என்றால் 'இதை வெட்டு' என்று சொல்லும் அதிகாரம் அவளுக்கு உண்டு. "அந்த அதிகாரத்தக் கையில வச்சுக்கிட்டு சும்மா இருக்கறதுக்குத்தான் மேடத்துக்குச் சம்பளம்," என்று அப்பலநாயுடு சொல்வார். அப்பலநாயுடு கட்டுகிற கம்பெனியின் மேஸ்திரி, ஸ்ரீகாகுளத்துக்காரர், நாக்கு நீளம், வேலையும் சுத்தம்.

முதல் இரண்டு சைலோவுக்கும் ஹைமாவுக்கு மேலே ஒரு பெரியவர் இருந்தார். மூன்றாவதற்கு அவர் பண்டிகையைச் சாக்கிட்டு ராஜமண்ட்ரிக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, "இது ஒன்னோடதும்மா. ஒரு பொம்பளப் புள்ளைய நம்பி விட்டுட்டுப் போறானேன்னு நாலு பேரு பேசறாங்க. அவங்க வாய அடைக்கறது ஒன் பாடு," என்றார். ஊக்கப்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

சங்கராந்தியில் எவனாவது அச்சைக் கிளப்புவானா என்று ஆந்திராவில் யாரும் கேட்பார்கள். கப்பல் தேதி அப்படி. தேதி குறித்தவர்கள் மும்பையில் இருந்தார்கள். அவர்களுக்கு அது பட்டம் விடுகிற நாள், அவ்வளவுதான்.

4

போகிக்கு முந்தின நாள் அப்பாவின் போன். அப்பா வீர்ராஜு, கோனசீமாவில் ராஜோலுக்குப் பக்கத்தில் தென்னையும் நெல்லும். அந்த வட்டாரத்தில் யார் வீட்டு விருந்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் அவர் வீட்டு விருந்தில் வந்து முடியும். மரியாதைக்குப் பின்னால் ஒரு 'காரு' சேர்க்காமல் மாப்பிள்ளையைக் குறிப்பிட மாட்டார்.

"அம்மாடி, மாப்ள காரு ஹைதராபாத்துல ரயிலேறிட்டாராம். நீ எப்ப வர்ற?"

"அவரு வரட்டும்ப்பா. என்னால வர முடியாது. அச்சு ஏறிட்டிருக்கு."

"எவ்ளோ நாளு ஏறும்?"

"பண்டிகை முடியற வரைக்கும்."

"சாப்பிடக்கூட எறங்காதா?"

"எறங்காதுப்பா."

"என்னம்மா கொடும இது! நம்ம வீட்டுக் காளயே பொழுது சாஞ்சா நின்னுடுதே!"

"காளைக்குக் கனுமப் பண்டிகை இருக்கு. இதுக்கு இல்ல."

அப்பா குரலைத் தாழ்த்தினார். பிறகு அவர் சொன்னார்: "மொத சங்கராந்திம்மா. மாப்ள மட்டும் தனியா வந்து சாப்பிட்டா, பொண்ணோட சண்டையாம்னு ஊரு சொல்லும். ரெண்டு பேரும் வரலன்னா, வீர்ராஜுக்கு வக்கத்துப் போச்சும்பாங்க. நான் எங்க போயி மூஞ்சிய வச்சுக்கறது?"

"நான் என்னப்பா பண்ணட்டும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். ஆய், நீ வேலையப் பாரு தாயி." வைத்துவிட்டார்.

கோதாவரிக்காரர் இவ்வளவு சீக்கிரம் 'ஆய்' என்று ஒத்துக்கொண்டு போனை வைத்தால், அடுத்த போன் சமையல்காரருக்கு என்று அர்த்தம். ஹைமாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கும். அச்சின் மட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டாள்.

(மாணிக்யம் இந்தப் பகுதியைப் படித்தாள். "இது எங்கப்பாவா?"

"இல்ல."

"அப்ப இந்த மீசை யாரோடது?"

மீசையை எடுத்துவிட்டேன். நீங்கள் படிக்கும் வீர்ராஜுவுக்கு மீசை இல்லாதது அதனால்தான். இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருப்பார்.)

5

கனும, அதாவது மாட்டுப் பொங்கல் அன்று, காக்கை கூட இடம்விட்டு அசையாது என்பார்கள் இங்கே. சாப்பிட்ட இடத்தில் கிடக்க வேண்டும், ஊர்ப்பயணம் கூடாது. அந்தக் கனும அன்று காலை, துறைமுக வாசலில் இரண்டு வேனும் ஒரு குட்டி லாரியும் வந்து நின்றன. லாரியில் அண்டாக்கள். வேன்களில் பெரியம்மா, சித்தி, அத்தை வகையறா. முன் சீட்டில் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை பிரணீத், முழங்காலில் வாழை இலைக் கட்டோடு.

ஹைமா சாரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தாள். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் சிமெண்ட்.

"கனுமல எப்படிப்பா வந்தீங்க?"

"கனுமல யாரு கெளம்பினா? நேத்தே என் துண்டையும் செம்பையும் எதிர்த்த வீட்ல பரஸ்தானம் வச்சாச்சு. நான் நேத்தே கெளம்பினவன்." வீர்ராஜு சட்டம் படித்திருந்தால் நிறையப் பேரைக் காப்பாற்றியிருப்பார். "வர்ற வழி இது. போற வழிக்குத்தான் தோஷம், நாளைக்குப் போறேன். காக்கா அசையாத நாள்ல நான் அசஞ்சு வந்திருக்கேன் அம்மாடி. யாரும் வேணாம்னு சொல்லக்கூடாது."

அவள் கணவனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றான் பிரணீத். "எழுப்பினாங்க, வேன்ல ஏத்தினாங்க. நான் இப்பல்லாம் ஒரு வேளைதான் சாப்பிடறேன்னு கூடச் சொல்லிப் பாத்தேன்."

"அந்த ஒரு வேளைதான் மாப்ள காரு இது," என்றார் மாமனார்.

என்னென்ன கொண்டுவந்தார்கள் என்பதில் சாட்சிகள் ஒத்துவரவில்லை. கடைக்காரர் ஒரு எண்ணிக்கை சொன்னார், கிரேன்காரர் அதைவிட அதிகம் சொன்னார். வீர்ராஜுவைக் கேட்டால் எண்ணினால் திருஷ்டி என்பார். உளுந்து வடையும் நாட்டுக்கோழியும் கனுமக்குக் கட்டாயம். இனிப்பில் சுழியன் போன்ற பூரெலு, அதிரசம் போன்ற அரிசெலு, காஜா, காகிதமாக மடித்த பூதரேகு. புளியோதரை மட்டும் இரண்டு தினுசு.

அவள் அழவில்லை. அழ நேரமில்லை. பேரம் பேசினாள்: பாதிப் பேர் முதலில், அரை மணி, அவர்கள் ஏறிய பிறகு மீதிப் பேர். முதல் பந்தியில், ஆளையும் கலவையையும் மேலே ஏற்றுகிற லிஃப்ட்காரரையும் சேர்த்தாள். மாற்று ஆள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டான். இவர் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். மேலே, அச்சின் மீதுள்ள தளத்தில் அரை மணிக்குப் போதுமான கலவை ஏற்கெனவே ஏற்றியிருந்தது.

"அர மணி எதுக்கு மேடம்?" என்றார் அப்பலநாயுடு. "நாங்க பட்டாளத்துச் சாப்பாடு. உக்காந்தா எந்திரிச்சிருவோம்."

கணக்கு சரி. யார் பார்த்தாலும் சரி. ஆனால் கோதாவரிப் பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. புது மாப்பிள்ளையோடு உட்கார்ந்தவர்கள் மாப்பிள்ளை எழுந்த பிறகுதான் எழலாம். அதற்கு முன் எழுந்தால் அவர் இலையை அவமதித்தது ஆகும். கோனசீமாவில் பிறந்தவள் இதை மறந்தாள் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவள் மறக்கவில்லை. பிரணீத் இரண்டு தோசைக்கு மேல் தொட்டு அவள் பார்த்ததில்லை, பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவான் என்று போட்ட கணக்கு அது. கணவனைச் சரியாக எடை போட்டாள். அப்பாவைத்தான் விட்டுவிட்டாள்.

6

கம்பிக் கட்டுகளுக்கு நடுவே தார்ப்பாய் விரித்துப் பந்தி. அப்பா கையால்தான் பரிமாறல்.

"போதும் மாவய்யா," என்று பிரணீத் மாமனாரைத் தடுத்தான்.

"எது போதும்? இன்னும் கோழியே வரல!"

"வந்துச்சே."

"அது வறுவலு. கொழம்பு வருது. ஏய் யாரும்மா அங்க, மாப்ள இலைல பள்ளம் தெரியுது பாரு!"

பிரணீத் இரண்டு தடவை இலையை மடித்தான். இரண்டு தடவையும் ஓர் அத்தை வந்து, குழந்தைக்குப் போர்வை விரிப்பதுபோல விரித்துவிட்டுப் போனாள்.

ஹைமா மேலே தளத்தில் நின்றாள். கலவை தீர்ந்துகொண்டு வந்தது. வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"நாயுடு காரு, ஏறி வாங்க."

"எப்படி மேடம் எந்திரிக்கறது? மாப்ள காரு இன்னும் ரெண்டாவது புளியோதரைலயே நிக்கறாரு."

"கை கழுவாமலாவது வாங்க!"

"உங்கப்பா என் தோள்ல கை வச்சுக்கிட்டு நிக்கறாருங்க," என்றார் அப்பலநாயுடு, அடங்கிய குரலில். "எங்க ஊருப் பேரு சொல்லி ஒரு வடை வச்சிருக்காரு."

தளத்தில் இருந்தவர்களிடம் ஜாக்கியை விரல்கடை விரல்கடையாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினாள். லிஃப்ட் ஓட்ட ஆளில்லை, லிஃப்ட்காரர் இலையில் இருந்தார். இறங்கும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். 'எல்லாரும் எந்திரிங்க' என்று ஒரு கத்து. பெரியம்மா சித்தி முன்னால், மாப்பிள்ளை முன்னால், அப்பா முகத்தின் முன்னால். ஒரு கத்துதான்.

பாதி ஏணியில் நின்றுவிட்டாள்.

அங்கிருந்து பந்தி முழுக்கத் தெரிந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெய்ச் செம்போடு நடந்துகொண்டிருந்தார். ஒரிசாவிலிருந்து வந்த கம்பி கட்டுகிறவர்களிடம் குனிந்து குனிந்து, மொழி தெரியாமல், கையால் கேட்டுக் கேட்டு ஊற்றினார். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இப்படிச் சிரித்து அவள் தன் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை; அன்று இரண்டாம் பந்தியில் சாம்பாருக்கு உப்பு குறைந்துபோய் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை மனிதர். அம்மா இறந்த பிறகு வீட்டில் நடந்த பெரிய சமையல் அதுதான். அடுத்தது இது. ஹைமா அந்த மனிதரை உயிருக்கு மேலாக நேசித்தாள், அதுதான் அந்த நேரத்தில் பெரிய தொல்லையாக இருந்தது.

[அவள் அப்போதே கத்தியிருந்தால்— இந்த வரியையும் அடித்துவிட்டேன்.]

மேலே கலவை தீர்ந்து அச்சு நின்றது.

அது நின்றதை முதலில் கவனித்தது யார் தெரியுமா? பிரணீத். கான்கிரீட்டுக்கும் அவனுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் போனில் பேசும்போதெல்லாம் அவள் குரலுக்குப் பின்னால் அந்த மோட்டார் இரைச்சல் இருக்கும். பாதி வடை கையில் இருக்க அவன் தலையைத் தூக்கினான்.

"சத்தம் நின்னுடுச்சு," என்றான். இலையை மடிக்கக்கூட இல்லை, எழுந்துவிட்டான்.

பந்தியே எழுந்து ஓடியது. வீர்ராஜு நெய்ச் செம்போடு நின்றார். மடிக்காத இலையைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. "வயிறு நெறஞ்சுடுச்சு மாவய்யா, சத்தியமா," என்றான் பிரணீத். அவர் நம்பவில்லை.

7

அச்சை மறுபடி கிளப்பினார்கள். முதல் இழுப்பில் ஒரு சத்தம் வந்தது, துணி கிழிகிற மாதிரி. அப்பலநாயுடு ஹைமாவைப் பார்த்தார். ஹைமா அப்பலநாயுடுவைப் பார்த்தாள். கிழிந்த இடம் அச்சுக்குள்ளே இருக்கிறது. அச்சு நாலடி ஏறிய பிறகுதான், சாயந்திரம்தான் வெளியே தெரியும்.

சாயந்திரத்துக்குள் அப்பா போய்விட்டால் தேவலை. ஆனால் கனும. திரும்பிப் போகிற பயணத்துக்குப் பரஸ்தானம் வைக்கவில்லை. மனிதர் கிரேன் நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்துவிட்டார்.

"ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம்," என்றார் அப்பலநாயுடு. கேலி இல்லாமல் அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "வெளிய வரும்போது கெட்டியா சாந்த வச்சு ஒரு தடவு தடவிட்டா முடிஞ்சுது. காக்கா கூடக் கண்டுபிடிக்காது. உப்ப தின்னவங்க நாங்க, எங்க யாரு வாயிலருந்தும் வராது."

அவர் சொன்னது நன்றிக்கடன். அதனால்தான் மறுக்கச் சிரமமாக இருந்தது.

அப்படிப் பூசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வெளியே சாந்து மினுங்கும். உள்ளே கிழிசல் இருக்கும். புயல் மழையில் ஈரம் இறங்கும், மக்காச்சோளம் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையோடு கப்பலேறும். 'இதை வெட்டு' என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டினாலோ, அந்த இடத்தைச் சுற்றிலும் வெட்டி நிரப்ப வேண்டும். வேலை நிற்கும், கப்பல் தவறும். ஏன் அச்சு நின்றது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் ஒன்றுதான். அந்தப் பதில் கிரேன் நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. வீர்ராஜு போட்ட சோற்றால் சைலோ கெட்டது என்று துறைமுகம் பேசும், பிறகு ராஜோலு பேசும். தன் கையால் போட்ட சோறு ஒரு கெடுதல் செய்தது என்று அந்த மனிதர் வாழ்நாளில் கேட்டதில்லை. பொம்பளப் புள்ளைய நம்பி விட்டதைப் பற்றிப் பேசிய நாலு பேருக்கும் வேலை வந்துவிடும், அது தனி.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று. ஹைமா சுற்றிலும் சிவப்புக் கோடு போடுகிறாள். நேர்மை வெல்கிறது. வாசகர்கள் கைதட்டுகிறார்கள். காலிப் பாத்திரங்களோடு வேனில் ஏறுகிற வீர்ராஜுவின் முகத்தை நான் எழுதவில்லை, தப்பித்தேன். கைதட்டுகிறவர்களுக்கு அப்பா கிடையாதா?

இரண்டு. கொத்தனாரின் கரண்டி ஓடுகிறது. எல்லாரும் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து உள்ளே ஒழுகுகிறது. அப்போது வெட்டி நிரப்புகிறார்கள். பட்டை தெரிகிறது. யார் பொறுப்பு என்று விசாரிக்க ஒரு கமிட்டி போட்டு, கமிட்டிக்குச் சாப்பாடு போடுகிறார்கள். இது நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்று. கோடு போடுகிறாள், ஆனால் மோட்டார் கோளாறு என்று சொல்கிறாள். ராஜமண்ட்ரியிலிருந்து பெரியவர் வருகிறார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எங்கப்பா வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்," என்கிறாள். "உங்கப்பா வந்தாரா?" என்கிறார் அவர். எங்கப்பன் குதிருக்குள் இல்லை! இந்தப் பழமொழி முதல் பக்கத்திலிருந்தே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே விட்டதும் எனக்குப் பரம திருப்தி. மறுநாள் படித்தால், பழமொழிக்காக ஒரு பெண்ணை அசடாக்கியிருந்தேன். அடித்துவிட்டேன்.

"பட்டை இருக்கே, அத வச்சே கண்டுபிடிக்கலாமே?" என்பீர்கள். முடியாது. மறுநாளே வெட்டி நிரப்பினாலும் பட்டைதான், ஒழுகிய பிறகு வெட்டி நிரப்பினாலும் பட்டைதான். டீக்கடை பெஞ்சிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே வெளுப்பு. ஹைமாவையே கேட்கலாம் என்றால், அவள் இப்போது வேறு மாநிலத்தில் வேறு எதையோ கட்டுவதை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

மூன்று முடிவையும் மாணிக்யத்திடம் கொடுத்தேன். படித்தாள். முடிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஊரே சாப்பிட்டுச்சே," என்றாள். "அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?"

முழுக் கதையையும் புரட்டினேன். எங்குமே இல்லை. இத்தனை பதார்த்தம் எழுதியவன், அவளுக்கு ஓர் இலை போடவில்லை. அவளைச் சாரத்திலும் ஏணியிலும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வீர்ராஜுவுக்கும் அன்று சாயந்திரம் இப்படித்தான் உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

9

சாயந்திரம். தொங்கு சாரத்தில் ஹைமா. ஒரு கையில் சிவப்பு பெயிண்ட் டப்பா, ஒரு கையில் பிரஷ். அச்சின் கீழ் விளிம்பிலிருந்து கிழிசல் மெள்ள வெளியே வந்துகொண்டிருந்தது. சில இடத்தில் விரல் நுழையும், ஓரிடத்தில் கம்பி தெரிந்தது. பக்கத்தில் கொத்தனார், கரண்டி நிறையச் சாந்தோடு. அவருக்குப் பின்னால் அப்பலநாயுடு.

தலைக்கு மேலே லிஃப்ட் வந்து நின்றது. பிறகு சின்ன ஏணியில் இரண்டு செருப்பில்லாத கால்கள். பிறகு வேட்டி. பிறகு முன்பின்னாக மாட்டிய ஹெல்மெட்டும் ஒரு டிபன் தூக்கும்.

"அப்பா! யாரு உங்கள மேல விட்டது?"

"லிஃப்ட்காரருதான். கோழிய ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டவரு, மாட்டேன்னு சொல்லுவாரா?" கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்காமல் நகர்ந்து வந்தார். மூச்சு வாங்கியது. "அத்தன பேருக்குப் போட்டேன். நீ உக்காரவே இல்லயே அம்மாடி. எனக்குத் தோணவே இல்ல பாரு. உங்கம்மா இருந்திருந்தா மொத எல ஒனக்குத்தான் போட்டிருப்பா."

"அப்புறம் சாப்பிடறேன்ப்பா."

"அப்புறம் என்ன அப்புறம்?" அவர் தூக்கைத் திறந்தார். திறந்தவர் நிமிர்ந்தபோது சுவரைப் பார்த்தார். கிட்டே குனிந்தார். கிழிசலில் விரலை வைத்துத் தடவினார். நெல் மூட்டையில் ஓட்டை பார்க்கிறவர்தானே, கண் சும்மா இருக்குமா?

"இதென்னம்மா, இப்படிப் பிஞ்சிருக்கு? நீ இவ்ளோ ஒழுங்கா பாத்துக்கிட்டு நிக்கற எடத்துல!" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது, மகளுக்காக. "யாரு பண்ண வேலை இது?"

கொத்தனார் கரண்டியைப் பார்த்தார். அப்பலநாயுடு கடலைப் பார்த்தார்.

ஹைமா வாயைத் திறந்தாள். அவள் சின்ன வயதிலிருந்து ஊட்டிப் பழகிய கை அப்பாவுடையது. திறந்த வாயில் அவர் ஒரு பூரெயை வைத்துவிட்டார்.

"மொதல்ல இத முழுங்கு. அப்புறம் சொல்லு."

பூரெ பெரியது, நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றியது. முழுங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவள் கண்ணில் தண்ணீர். அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். பிரஷ்ஷிலிருந்து சிவப்பு சொட்டுகிறது, கரண்டியில் சாந்து இறுகுகிறது, அச்சு ஏறிக்கொண்டிருக்கிறது. முழுங்கி முடித்ததும் அவள் ஏதாவது சொல்லியாக வேண்டும். நானாக இருந்தால்—

எனக்கு இந்தக் கதையில் மாப்பிள்ளை வேஷம்தான். நீங்கள் யாருக்காவது பிள்ளையாக இருப்பீர்கள் அல்லவா, சொல்லுங்கள்.